சட்டையில் பூத்த உப்பு: டெலிகேட் ஆர்ச் பாதையில் ஒரு நிகழ்வு ஆய்வு

2019 ஜூலையில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில், டெலிகேட் ஆர்ச் என்ற மணற்கல் வளைவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என் அப்பா நடக்க முடியாமல் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 67 வயது. தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். சர்க்கரை கிடையாது, இதயக் கோளாறு கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை. முப்பது வருடங்களுக்கு மேல் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதியவர். வெயிலைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை என்றுதான் அன்று காலைவரை நினைத்திருந்தேன்.

நல்லபடியாக முடிந்தது. ஆனால் அது எப்படி நடந்தது என்று பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு மணி நேரமாக யோசித்தபோது, அதில் பெரும்பகுதி என் முடிவுகள் என்று தெரிந்தது. மே மாதம் பெற்றோரை அமெரிக்காவுக்கு வரவழைத்து, ஜூலை விடுமுறையில் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றிக்காட்டும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

இடம்

மோவாப் என்ற சிற்றூரிலிருந்து வடக்கே 8 கிலோமீட்டரில் பூங்காவின் வாசல். 310 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் 2,000-க்கும் மேற்பட்ட இயற்கை வளைவுகளைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். 1929-இல் தேசிய நினைவிடமாக அறிவித்து, 1971-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்து பெய்யும் மழை 25 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை.

டெலிகேட் ஆர்ச் இவற்றில் மிகப் பெரியது அல்ல. அதன் திறப்பு சுமார் 14 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். ஆனால் மற்ற வளைவுகளைப் போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டிராமல் ஒரு பெரிய பாறைக் கிண்ணத்தின் விளிம்பில் தன்னந்தனியாக நிற்கிறது. யூட்டாவின் கார் நம்பர் பிளேட்டில்கூட அதன் படம் வந்திருக்கிறது. அதன் அடிக்கே போக வேண்டுமானால் நடந்துதான் போக வேண்டும். போய்வர 4.8 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 150 மீட்டர்.

இந்த எண்கள்தான் முதலில் என்னை ஏமாற்றின. ஐந்து கிலோமீட்டர்தானே, அப்பா தினமும் நடப்பதுதானே என்று கணக்குப் போட்டேன். பாதை முழுக்க ஏறக்குறைய நிழலே இல்லை என்பதையும், பாதிக்கு மேல் நடப்பது மண்ணில் அல்ல, சூடேறிய வெறும் பாறைமேல் என்பதையும் அந்த எண் சொல்வதில்லை.

முந்தைய நாள் மாலை டெட் ஹார்ஸ் பாயிண்ட் என்ற மலை விளிம்புக்குப் போயிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் கீழே செம்மண் வெளிக்கு நடுவில் நீலநீலமாகப் பெரிய பாத்திகள் தெரியும். அப்பா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "எய்யா, இது நம்ம அளம் மாதிரில்லா இருக்கு?" என்றார். அவர் சொன்னது சரிதான். அது பொட்டாஷ் என்ற உர உப்பு எடுக்கும் இடம். ஆற்றுத் தண்ணீரைப் பூமிக்குள் ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்துக்குச் செலுத்தி, அங்கே இருக்கும் உப்புப் படிவத்தைக் கரைத்து மேலே கொண்டுவந்து, பாத்தியில் விட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். தண்ணீர் வெயிலை நன்றாக இழுக்கட்டும் என்று நீலச் சாயம் கலக்கிறார்கள். சாயத்தைத் தவிர மற்றதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி.

அந்த உப்புப் படிவம்தான் வளைவுகளுக்கும் காரணம். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கடல் திரும்பத் திரும்பப் புகுந்து, திரும்பத் திரும்ப வற்றியது. ஆயிரக்கணக்கான அடி கனத்துக்கு உப்பு சேர்ந்தது. அதன்மேல் மணலும் சேறும் படிந்து பாறையாயின. உப்பு கல்லைப் போல விறைப்பாக நிற்காது. மேலே பாரம் ஏற ஏற, பிசைந்த மாவைப் போல மெல்ல நகரும். அப்படி நகர்ந்து சில இடங்களில் மேலே புடைத்தது. மேலிருந்த மணற்கல் வளைந்து, வரிசையாக வெடிப்பு விட்டது. வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் மணலைப் பிடித்துவைத்திருந்த சுண்ணாம்பைக் கரைத்தது. குளிர்காலத்தில் அதே நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்தது. வெடிப்புகள் அகன்று இடையில் மெல்லிய சுவர்கள் மிஞ்சின. சுவரின் கீழ்ப்பகுதி உதிர்ந்து துளை விழுந்தால் வளைவு.

அங்கே பெயர்கள்கூட உப்பில் ஊறியவை. பள்ளத்தாக்குக்கு உப்புப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் பெயர். பாதையின் தொடக்கத்தில் கடக்கும் ஓடை, உப்போடை. வளைவுக்குப் பின்னால் தெரியும் மலைத்தொடர் லா சால். ஸ்பானிய மொழியில் உப்பு. இதையெல்லாம் அன்று காலை காரில் அப்பாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் உடம்பிலிருந்த உப்பைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

அன்று நடந்தது

காலை 8.30-க்கு விடுதியில் சாப்பாடு. ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு. அப்பாவின் வழக்கமான பழைய சோறும் ஊறுகாயும் இங்கே வந்ததிலிருந்தே இல்லை. ரத்த அழுத்தம் என்று உப்பைக் குறைக்கச் சொல்லி வீட்டில் நானே கட்டுப்பாடு போட்டிருந்தேன். "பாலைவனம்பா, நிறைய தண்ணி குடிங்க" என்று கிளம்பும் முன் ஒரு லிட்டர் தண்ணீரும் குடிக்க வைத்தேன்.

அம்மா குழந்தையோடு விடுதியில் இருந்துகொண்டார். நான், மனைவி, அப்பா மூவரும் கிளம்பினோம். வாசலில் வரிசை. வண்டி நிறுத்துமிடம் நிறைந்து, இருபது நிமிடம் சுற்றி இடம் பிடித்தோம். நடக்கத் தொடங்கியபோது மணி 11.05. காரின் மானி 97 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது; செல்சியஸில் 36. கையில் அரை லிட்டர் பாட்டில்கள் ஆறு. மூன்று பேருக்கு மூன்று லிட்டர். இந்தப் பாதைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. அந்த அறிவிப்பின் முன்னால் நின்று படித்துவிட்டுத்தான் நடந்தேன். அங்கே தண்ணீர்க் குழாய் கிடையாது. திரும்பிப் போய் வாங்கிவர ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தொடக்கத்தில் ஒரு சிறு மரக்குடில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஜான் வெஸ்லி வூல்ஃப் என்பவர் 1898-இல் ஒஹையோவிலிருந்து மகனோடு வந்து இங்கே மாடு வளர்த்து, பன்னிரண்டு வருடங்களுக்குப் பின் திரும்பிப் போனார். பாலத்தைக் கடந்து சற்றுத் தள்ளி, யூட் பழங்குடியினர் பாறையில் செதுக்கிய குதிரை வீரர்களும் காட்டு ஆடுகளும். அப்பா அங்கே வெகுநேரம் நின்று பார்த்தார். அதுவரை எல்லாம் சுகமாகவே இருந்தது.

பிறகு பெரும்பாறைச் சரிவு. பாதை என்று எதுவும் இல்லை. கல் அடுக்கி வைத்த அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். சரிவின் பாதியில் அப்பா நின்று சொன்ன வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"எய்யா, இங்க வேர்க்கவே இல்ல பாத்தியா. நம்ம ஊர்னா இந்நேரம் சட்டை பிழிஞ்சிருக்கும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புழுக்கமே இல்லாத வெயில், நல்ல வெயில் என்று இருவரும் பேசிக்கொண்டோம். மனைவி மட்டும், "மாமா, தொப்பியப் போட்டுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடைசி இருநூறு கஜம் பாறை விளிம்பை ஒட்டிய ஒரு நடைமேடை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் பள்ளம். அது முடிந்து திரும்பினால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வளைவு எதிரே நிற்கும். மணி 12.25. அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கோபுரம் பார்த்தால் செய்வது. படம் எடுக்க வரிசை நின்றதால் 50 நிமிடம் அங்கேயே இருந்தோம். அந்த நேரம் முழுவதும் அவர் வெறும் பாறையில், நேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தண்ணீர் அங்கேயே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அதில் ஒன்றரை லிட்டரை அப்பாவுக்கே கொடுத்திருந்தோம்.

1.15-க்குத் திரும்பினோம். இருபது நிமிடத்தில் கெண்டைக்காலில் குரக்களி பிடித்தது. நீவிவிட்டு நடந்தார். மீண்டும் பிடித்தது. அப்புறம் தலைவலி, குமட்டல். சரிவின் மேற்பகுதிக்கு வந்தபோது, "கண்ணு இருட்டிட்டு வருது" என்று சொல்லி உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று பிசுபிசுப்பு.

அப்போதுதான் மனைவி அவர் சட்டையைக் காட்டினாள். கருநீலச் சட்டை. கழுத்துப் பட்டையைச் சுற்றியும் அக்குளிலிருந்து இடுப்புவரையும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. வற்றிய பாத்தியின் வரம்பு ஓரத்தில் உப்பு பூத்து நிற்பது போல.

வியர்வை எங்கே போனது

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுதான். அப்பாவுக்கு வியர்த்திருந்தது. நன்றாகவே வியர்த்திருந்தது. கடுமையான வெயிலில் நடக்கும் மனித உடல் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வியர்வையை இழக்கக்கூடும். தூத்துக்குடியின் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. வியர்வை ஆவியாக இடமில்லாமல் வழிகிறது, சட்டை நனைகிறது, நாம் சலித்துக்கொண்டு நிழலுக்குப் போகிறோம். மோவாப் பக்கம் ஜூலை மதியங்களில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது சாதாரணம். அங்கே தோலில் துளிர்த்த அடுத்த கணமே வியர்வை காற்றில் போய்விடுகிறது. உடம்பு குளிர்வதால் வெயில் இதமாகத் தெரிகிறது. கையால் துடைக்க ஒரு துளிகூட இருப்பதில்லை.

வெயிலில் வளர்ந்தவனுக்கு வியர்வைதான் அளவுகோல். அந்த அளவுகோலை அப்பா அறுபத்தேழு வருடமாக நம்பியிருந்தார். அன்று அது அவருக்குத் தப்பான கணக்கைக் காட்டியது. வட இந்தியாவில் லூ என்ற வறண்ட அனல் காற்றில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கலாம். கடலோரத் தமிழர்களான நமக்குக் கிடையாது. நமக்கு வெயில் தெரியும் என்ற நம்பிக்கைதான் அங்கே ஆபத்து.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. உப்பளத்தின் முழுத் தொழிலும் இந்த ஒரு வரிதான். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் மாறினாலும், சுமாராக அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு போகிறது. அந்த உப்புதான் சட்டையில் இருந்தது. நான் திருப்பிக் கொடுத்ததோ வெறும் தண்ணீர். காலையில் ஒரு லிட்டர், வழியில் ஒன்றரை லிட்டர். உப்பில்லாத தண்ணீரை அதிகமாகக் கொடுக்கக் கொடுக்க, ரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும்.

இதோடு அந்த மாத்திரை. அப்பா சாப்பிட்டது சிறுநீரை அதிகம் பிரியவைத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வகை. அது நீரோடு சோடியத்தையும் வெளியேற்றும். பல ஆண்டுகளாகச் சாப்பிடுவதால் அதை மருந்து என்றே நினைப்பதில்லை, காப்பி மாதிரி ஆகிவிட்டது. வயது ஏற ஏறத் தாக உணர்வும் மங்குகிறது, "தாகமா இருக்காப்பா?" என்று நான் மூன்று முறை கேட்டதற்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

பாறைமேல் ஒரு மணி நேரம்

என் முதல் எண்ணம், அப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எப்படியாவது காருக்குப் போய்விட வேண்டும் என்பது. மனைவி மறுத்துவிட்டாள். அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்தவள். நடந்தால் உடம்பு இன்னும் சூடாகும், முதலில் நிழல் என்றாள். பக்கத்தில் ஒரு ஜூனிப்பர் மரம், ஆள் உயரம்தான். அதன் அடியில் படுக்கவைத்து, கால்களைப் பையின்மேல் தூக்கிவைத்தோம்.

அப்புறம் அவள் அப்பாவிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இன்று என்ன கிழமை, பேத்தியின் பெயர் என்ன, கடைசியாக வேலை பார்த்த அளம் எந்த ரோட்டில் இருந்தது. அப்பா எல்லாவற்றுக்கும் மெதுவாக, சரியாகப் பதில் சொன்னார். அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று பிறகுதான் புரிந்தது. வெயிலால் வரும் களைப்புக்கும் உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்குக்கும் இடையே உள்ள கோடு புத்தித் தெளிவு. உளறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் போனாலோ, உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக்கூடும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் உடம்பை எப்படியாவது குளிர்வித்துக்கொண்டே உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டும்.

கீழிருந்து ஏறிவந்த ஒரு தம்பதி எங்களைப் பார்த்து நின்றார்கள். அவர்கள் முதுகுப்பையில் நிறையத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றிக் கொடுத்தார்கள், கூடவே உப்பு தூவிய பிரெட்செல் என்ற மொறுமொறு தின்பண்டம் ஒரு பொட்டலம், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் எலக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பொடி இரண்டு. மனைவி பாதித் தண்ணீரைத் துப்பட்டாவில் நனைத்து அப்பாவின் கழுத்திலும் மார்பிலும் போட்டாள். குடிக்கும் தண்ணீரை வீணாக்குகிறாளே என்று எனக்குப் பதறியது. ஆனால் அந்தக் காய்ந்த காற்றில் ஈரத்துணியைப் போல வேகமாகக் குளிர்விப்பது வேறில்லை. அப்பாவை ஏமாற்றிய அதே காற்றுதான் இப்போது விசிறியானது. மீதித் தண்ணீரில் பொடியைக் கலந்து வாய் வாயாகக் கொடுத்தோம். பிரெட்செல்லின் உப்பை மட்டும் அப்பா நாக்கில் வைத்துச் சுவைத்துக்கொண்டே இருந்தார். பிடுங்கி வைக்க மனம் வரவில்லை, நல்லவேளை.

சுமார் ஒரு மணி நேரத்தில் முகத்துக்கு நிறம் திரும்பியது. அந்தத் தம்பதி அதுவரை எங்களோடு இருந்துவிட்டு, தங்கள் பயணத்தை ரத்து செய்து எங்களோடே கீழே இறங்கினார்கள். பெயர் கேட்க மறந்துவிட்டேன். மாலை 4.10-க்குக் கார். நேராக ஊரில் உள்ள மருத்துவமனைக்குப் போனோம். சோடியம் 130. இருக்க வேண்டியது 135-லிருந்து 145 வரை. மெதுவாக ஒரு பாட்டில் ஏற்றி, இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினார்கள். இந்தப் பயணம் முடியும்வரை மாத்திரையை மாற்றிக்கொள்ளும்படி அங்கிருந்த மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

அப்பா சொன்ன காரணம்

இரண்டு நாள் கழித்து, அப்பா தானாகவே பேசினார். அளத்தில் ஆட்கள் விடியற்காலை மூன்று மணிக்கே தலையில் விளக்கோடு இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடித்துவிட வேண்டும். பதினோரு மணிக்குப் பாத்தியில் யாரும் நிற்பதில்லை. தூக்குவாளியில் நீராகாரம், உப்புப் போட்டது. "பதினோரு மணிக்கு நடக்க ஆரம்பிச்சோம்லா, அப்பவே எனக்கு மனசுல ஒரு மாதிரி இருந்துச்சு. நீ கூட்டிட்டுப் போற சந்தோசத்துல இருந்த. சொல்ல வரல" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இடம் கொடுக்காமல் நானே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். விருந்தாளியாக வந்திருக்கும் பெற்றோர் பிள்ளையின் திட்டத்தை மறுக்க மாட்டார்கள். டிக்கெட், விடுதி, லீவு எல்லாம் நமக்குச் செலவு என்று அவர்களுக்குத் தெரியும். முடியவில்லை என்று அவர்களே சொல்வார்கள் என்று காத்திருப்பது தவறு. நேரத்தை நாம்தான் முன்கூட்டியே சரியாக வைக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில், ஊருக்குத் திரும்புவதற்கு முன், அப்பாவே கேட்டு மறுபடி போனோம். இந்த முறை அம்மாவும். காலை 6 மணிக்கு நெற்றி விளக்கோடு நடக்கத் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதில் ஒரு பாட்டிலில் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்தது. அம்மா தனியாக உப்பு மோரும் எலுமிச்சை சாதமும் கட்டியிருந்தார். பாறை குளிர்ந்திருந்தது. கால்பங்கு தூரத்துக்கு ஒருமுறை, தாகம் இருக்கிறதோ இல்லையோ, நின்று குடித்தோம். சூரியன் எழுந்து வளைவின் கிழக்குக் கால் சிவந்தபோது அப்பாவும் அம்மாவும் பாறைக் கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லா சால் மலைகள் பின்னால் நீலமாக நின்றன. ஒன்பதரைக்கெல்லாம் கீழே வந்துவிட்டோம்.

உப்போடைப் பாலத்தருகே அப்பா நின்றார். கரை ஓரத்தில் காய்ந்த சேற்றின்மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. குனிந்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். சற்று நேரம் யோசித்தார்.

"கசக்குது" என்றார். "இது வாரத் தேறாது."